ஏத்தி வைத்த பேட்டரி

என் நாத்தனாரோடு சண்டை போடாதவர்கள் எங்கள் தெருவில் இரண்டு வகை. ஒன்று, புதிதாகக் குடிவந்தவர்கள். இன்னொன்று, நான். அவர்களுக்கு இன்னும் முறை வரவில்லை. எனக்கு வாய் வரவில்லை.

அவள் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவள் என்னை ‘வாயில்லாப் பூச்சி’ என்று கூப்பிடுவாள். தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘ஹாரன்’. அது அவளுக்கும் தெரியும். நடுத்தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து ஒருமுறை, “ஹாரன் அடிச்சா ஒதுங்கணும்னு உங்க அப்பன் சொல்லித் தரலையா?” என்று கேட்டாள். பிள்ளைகள் ஒதுங்கிவிட்டார்கள்.

வாடகைக் கார் ஓட்டுவது அவள் தொழில். சொந்த வண்டி. சின்ன வயதில் கல்யாணம் ஆகி, சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். “எங்க அக்காகூட எவன் குப்பை கொட்டுவான்?” என்பார் என் கணவர். “நான்தான் அவனைப் பாதி வழியில இறக்கி விட்டேன்” என்பாள் அண்ணி, ஏதோ சவாரியைப் பற்றிப் பேசுவதுபோல. சவாரிகளையும் அப்படி இறக்கி விட்டிருக்கிறாள். “பொம்பளை ஓட்டினா எனக்குக் கொஞ்சம் பயம்” என்று சிரித்த ஒருவரைப் பாலத்து நடுவில் இறக்கி, “பயமா இருந்தா நடந்து வாங்க, நல்லாக் காத்து வரும்” என்று சொல்லி, அவர் பெட்டியையும் எடுத்து வெளியே வைத்தாளாம். ஆனாலும் விடியற்காலை ரயிலுக்குப் போக வேண்டியவர்கள் அவளைத்தான் கூப்பிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பாள். நாம் தாமதமாகக் கதவைத் திறந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டுவாள்.

வீடு மாமியார் விட்டுப்போனது. முன்னறை அண்ணிக்கு, பின்னால் உள்ளவை எங்களுக்கு. நடுவிலுள்ள ஹாலும் வாசல் முற்றமும் பொது என்று பேச்சு. பொது என்றால் யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு என்று அர்த்தம். முற்றத்தை அண்ணியின் கார் பிடித்துக்கொண்டது. ஹாலை என் கணவரின் சோபாக்கள் பிடித்துக்கொண்டன. பழைய சோபாக்களுக்குப் புது உறை போடுவது அவர் வேலை. உறை உரித்த சோபாக்கள் மரமும் ஸ்பிரிங்குமாக ஹாலில் நிற்கும். ஃபோம் தூள் சோற்றுத் தட்டுவரை பறந்து வரும். முற்றத்தில் ஒரு ஷெட் போட்டுவிட்டால் எல்லாம் வெளியே போய்விடும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். “என் வண்டி நிக்கிற இடத்துல ஷெட்டு போடுவான், அப்புறம் என் கட்டில் இருக்கிற இடத்துல கடை போடுவான்” என்று அண்ணியும் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அந்த ஹாலில்தான் அண்ணி விழுந்தாள். கழற்றிப் போட்டிருந்த சோபாக் கால் ஒன்றை மிதித்து வழுக்கியதில் இடுப்பெலும்பு உடைந்தது. உள்ளே தகடு வைத்து முடுக்கினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வாசலில் இறக்கும்போதே, “என்னைக் கொல்றதுக்கு எவ்வளவோ வழி இருக்க, ஒரு மரக்கட்டையை வெச்சுப் பார்த்தான்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். என் கணவர் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்பவர். ஆணிகளைத் துப்பிவிட்டு, “தரையைப் பார்த்து நடக்கத் தெரியாதவ ரோட்டைப் பார்த்து எப்படி ஓட்டினாளோ” என்றார்.

அதற்குப் பிறகு இருவரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். “அவன்கிட்ட சொல்லு” என்பாள் அவள். “அவகிட்ட சொல்லு” என்பார் இவர். இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிடும்.

கார் முற்றத்தில் நின்றுபோனது. படுத்த படுக்கையாக இருந்தவள் மெக்கானிக்குக்கு போன் போட்டுக் கேட்டாள். வண்டி ரொம்ப நாள் நிற்கப் போகிறதென்றால் பேட்டரியைக் கழட்டி ஏத்தி வைக்கச் சொல்லுங்கள், அப்பப்ப ஏத்தணும் என்று அவர் சொன்னார். அண்ணி கட்டிலில் இருந்தபடியே கத்தினாள்: “அவன்கிட்ட சொல்லு! பேட்டரியைக் கழட்டி ஏத்தி வைக்கணுமாம்! அப்பப்ப ஏத்தணுமாம்!”

என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்துப் போய்க் கழற்றினார். ஏணியைப் போட்டு, அந்தக் கனத்தை மார்போடு அணைத்துத் தூக்கிப் பரண்மேல் ஏற்றினார். இறங்கி வந்து, “அப்பப்ப ஏத்தணுமாமே, ஒரு தடவை ஏத்தினா போதாதா? அது என்ன, தானா இறங்கி நடந்து வரப் போகுதா?” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் வேண்டாத பொருள் எல்லாமே பரணில்தான் ஏறும். “ஏத்தியாச்சான்னு கேளு” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. “ஏத்தியாச்சுன்னு சொல்லு” என்று இவர் கத்தினார். விஷயம் முடிந்தது.

மழைக்காலம் போய் வெயில் வந்து, அண்ணி கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தாள். வண்டி ஓட்டலாம், ஆனால் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருத்தெருவாகச் சவாரி தேடி ஓடுவது இனிமேல் ஆகாது. அந்தச் சமயத்தில்தான் டயாலிசிஸ் சென்டரில் ஒரு வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டாள். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிட வேண்டும். தினமும் உண்டு, ஒரே வழி, ஒரே ஆட்கள். அங்கிருந்த மேனேஜரம்மா, “சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வண்டியோட வாங்க. நீங்க வரலைன்னா இன்னொருத்தர் தயாரா இருக்கார்” என்று சொல்லியிருந்தார். இது கை நழுவினால் அண்ணிக்கு வேறு வேலை இல்லை. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சண்டை வந்தது. வண்டி இனி ஓடாது, குப்பைக்குத்தான் லாயக்கு என்று என் கணவர் சொன்னார். அண்ணி தடியைத் தரையில் தட்டினாள்.

“நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வண்டி இந்த கேட்டைத் தாண்டி ஓடலைன்னா, பழைய இரும்புக்காரனை நானே கூப்பிடுறேன். உன் ஷெட்டை எழுப்பிக்கோ.”

“பேச்சு மாற மாட்டியே?”

“பேச்சு மாறுறது உன் புத்தி.”

கோபத்தில் நேருக்கு நேராகப் பேசிவிட்டோம் என்பதுகூட இருவருக்கும் தெரியவில்லை. என் கணவர் அப்போதே டேப்பை எடுத்துக்கொண்டு முற்றத்தை அளக்கப் போனார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காலையில் அண்ணி பானெட்டைத் திறந்ததும் எலி ஒன்று குதித்து ஓடியது. இன்ஜின் சந்தில் ஒரு கூடு இருந்தது. எல்லாம் எங்கள் ஹாலிலிருந்து போன ஃபோம் துண்டுகள். “தம்பி தைச்சுக் கொடுத்த மெத்தை” என்று சொல்லித் தடியாலேயே கிளறி எறிந்தாள். அவளுக்கு அன்று அவ்வளவு கோபம் இல்லை. பேட்டரிதான் ஏத்தியிருக்கிறதே என்ற தெம்பு.

“பேட்டரியை எடுத்துட்டு வரச் சொல்லு.”

என் கணவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அண்ணி அதைப் பார்த்தாள்.

“ஏணி எதுக்கு?”

“பரண்லதானே இருக்கு.”

“பரண்ல எதுக்குடா வெச்சே?”

“நீதானே ஏத்தி வைக்கச் சொன்னே!”

நான் மெதுவாகத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஃபோம் துண்டுகளைப் பெருக்கினேன்.

“சார்ஜ் ஏத்தலையா நீ?” அவள் குரல் இறங்கியிருந்தது. அவள் குரல் இறங்கினால்தான் பயப்பட வேண்டும்.

“சார்ஜ்னு யார் சொன்னா? கழட்டி ஏத்துன்னே, ஏத்தினேன். முதுகு பிடிச்சு ஒரு வாரம் தைலம் தேய்ச்சேன். இவகிட்ட வேணும்னா கேளு.”

“அப்பப்ப ஏத்தணும்னு சொன்னேனே, அப்ப என்ன நினைச்சே?”

“உனக்குப் பைத்தியம்னு நினைச்சேன்.”

அதற்கப்புறம் நடந்த பேச்சை எழுத முடியாது. பெற்றவர்கள்வரை போனது. இரண்டு பேருக்கும் ஒரே பெற்றவர்கள் என்பதால் யாருக்கு அதிகம் பட்டது என்று சொல்லத் தெரியவில்லை. பேட்டரி கீழே வந்தது. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. மாட்டி, அண்ணி சாவியைத் திருகினாள். ‘டிக்’ என்றது. மறுபடி திருகினாள். இந்த முறை டிக்கும் இல்லை.

மெக்கானிக் வெளியூரில் மாமியார் வீட்டில் இருந்தார். போனில் சொன்னார்: “வெறுமனே இறங்கியிருந்தா இன்னொரு வண்டியிலேருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுங்க, பிடிச்சுக்கும். அப்புறம் எங்கயும் இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க. செத்துப்போயிருந்தா மாத்த வேண்டியதுதான்.” பேட்டரிக் கடையில் கேட்டால், இந்த வண்டிக்கு ஆகிற அளவு திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள்.

இன்னொரு வண்டி எதிர்வீட்டில் இருந்தது. எதிர்வீட்டில் இருப்பவர் பல் டாக்டர். அவரோடும் பேச்சு கிடையாது. அண்ணி படுத்திருந்தபோது அவர் எங்கள் கேட்டில் வந்து நின்று, “நிக்கிற வண்டியில எலி குடும்பம் நடத்துது. அது ராத்திரியில வந்து என் வண்டி வயரைத் தின்னுது” என்று புகார் சொன்னார். அண்ணி ஜன்னல் வழியாக, “என் எலிக்குப் பல்லு நல்லா இருக்கு டாக்டர், உங்ககிட்ட வர வேண்டியதில்ல” என்று அனுப்பிவிட்டாள்.

“அந்த ஆள்கிட்ட நான் போய் நிக்க மாட்டேன்” என்றாள் இப்போது. “நீ போய்க் கேளேன், வாயில்லாப் பூச்சி.”

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“இவளை அனுப்பினா, போய்க் கதவைப் பார்த்துட்டுத் திரும்பி வருவா” என்றார் என் கணவர். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். “யாரும் யார்கிட்டயும் போக வேண்டாம். நான் தள்ளுறேன். கியர்ல போட்டு எடு. கிளம்பினா உன் அதிர்ஷ்டம். கிளம்பலைன்னா கேட்டுக்கு வெளிய இருக்கட்டும், இரும்புக்காரனுக்கு வசதி.”

அவர் தள்ளியது உதவி என்று நான் நினைக்கவில்லை. அவர் கண் முற்றத்தின்மேல் இருந்தது. நானும் ஒரு பக்கம் கை கொடுத்தேன். நாள்பட நின்றதில் சக்கரம் பிரேக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இருவரும் மூச்சைப் பிடித்து முட்டியபோது ‘டக்’ என்று விட்டது. வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி, ஒரு உறுமல்கூட இல்லாமல் குறுக்காக நின்றது, டாக்டர் வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு.

“இன்னும் தள்ளுடா!” என்றாள் அண்ணி உள்ளே இருந்து.

என் கணவர் கேட்டுக்குள் போய்விட்டார். மூன்று பேர் உட்காரும் சோபாவின் எலும்புக்கூடு ஒன்றை இழுத்து வந்து கார் நின்ற இடத்தில் போட்டார். அடுத்ததை எடுக்கத் திரும்ப உள்ளே போனார்.

அதற்குள் டாக்டர் தன் வண்டியை எடுத்துவிட்டார். கேட்டைத் திறந்தவர், எதிரே அண்ணியின் காரைப் பார்த்தார். ஹாரன் அடித்தார். அண்ணி கண்ணாடியை இறக்கினாள்.

“அடிச்சா நகர்ந்துடுமா? நானே அடிச்சுப் பார்த்துட்டேன்.”

“எனக்கு கிளினிக்ல ஆள் காத்திருக்காங்கம்மா. வண்டியை எடுங்க.”

“எடுக்கிற மாதிரி இருந்தா உங்க மூஞ்சியைப் பார்க்கவா இங்க நிக்கிறேன்? பேட்டரி இறங்கிடுச்சு.”

“யார் இறக்கினது?”

“ஏத்தினவன் இறக்கினான். உங்களுக்கு எதுக்கு அது?”

டாக்டர் இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் கம்பம், ஒரு பக்கம் சாக்கடை. என் கணவர் இனித் தள்ள வரமாட்டார் என்பது சோபாக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்ததிலேயே தெரிந்தது. “இந்த வீட்டுக்கு எதிர்ல வீடு வாங்கின என்னைச் சொல்லணும்” என்று சொல்லிக்கொண்டே டாக்டர் தன் டிக்கியைத் திறந்தார். கேபிள் இருந்தது. எலி வயரைத் தின்ற பிறகு வாங்கியதாம்.

“உங்களுக்காகச் செய்யலை. எனக்கு வழி வேணும்” என்றார்.

“நானும் உங்ககிட்ட கேட்கலை” என்றாள் அண்ணி.

அவர் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். பேட்டரி முனையைக் குனிந்து பார்த்து முகம் சுளித்தார். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த உப்பைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். பழக்கம் போலிருக்கிறது, ரொம்பச் சுத்தமாகச் செய்தார். அண்ணி இறங்கி வந்து, தடியை ஊன்றிப் பக்கத்தில் நின்று, “அங்க விட்டுட்டீங்க, இந்தப் பக்கம்” என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் வாயை மூடுறீங்களா?”

“உங்ககிட்ட வர்றவங்களைத் திறக்கத்தானே சொல்வீங்க?”

சிவப்பைச் சிவப்பில் மாட்டினார். கறுப்பைத் தன் பேட்டரியிலும் எங்கள் இன்ஜின் இரும்பிலும் மாட்டினார். தன் வண்டியை ஓடவிட்டுக் கைகட்டி நின்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு அண்ணி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினாள். வண்டி இருமியது, மறுபடி இருமியது, கறுப்பாகப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது.

நன்றி சொல்வாள் என்று டாக்டரும் எதிர்பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். “நீ ஏறு. நடுவுல நின்னா தள்ள ஆள் வேணும்.”

கட்டியிருந்த சேலையோடு ஏறினேன். வழி முழுக்க அவள் கால் ஆக்சிலேட்டரை விடவே இல்லை. சிக்னலில் நிற்கும்போதும் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தால், “என்ன?” என்றாள். இடுப்பு வலித்ததோ என்னவோ, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

டயாலிசிஸ் சென்டரின் வாசல் உயரமானது. சக்கர நாற்காலிகள் ஏறுவதற்கும் வண்டிகள் ஏறுவதற்கும் ஒரு பக்கமும், இறங்குவதற்கு மறுபக்கமும் சரிவாகச் சிமென்ட் போட்டிருந்தார்கள். மேலே போய் நின்றதும் காவலாளி ஓடி வந்தார்.

“இன்ஜினை ஆஃப் பண்ணும்மா. இங்க புகை ஆகாது.”

“ஆஃப் பண்ண முடியாது.”

“முடியாதுன்னா கீழ போ.”

“கீழ போறதுக்கா மேல வந்தேன்? மேனேஜரைக் கூப்பிடு.”

மேனேஜரம்மா தானாகவே வெளியே வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு புகையைப் பார்த்தார். வாசல் நிழலில் பெஞ்சில் ஒரு பெரியவர், டயாலிசிஸ் முடிந்து ஊசி குத்திய கையில் கட்டோடு இருமிக்கொண்டிருந்தார். “முதல்ல ஆஃப் பண்ணுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்” என்றார் மேனேஜரம்மா.

ஆஃப் செய்தால் திரும்பப் பிடிக்குமா தெரியாது. செய்யாவிட்டால் வேலை இல்லை. அண்ணி மேனேஜரம்மாவைப் பார்க்கவில்லை. எட்டி முன்னால் உள்ள சரிவைப் பார்த்தாள், கீழே கேட் திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். வண்டியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி மூக்கைச் சரிவுக்கு நேராக வைத்தாள். கைபிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருகி அணைத்தாள். திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது.

மேனேஜரம்மா பின்கதவைத் திறந்து சீட்டின் உயரத்தைப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். லைசென்ஸைப் பார்த்தார். தடியைப் பார்த்தார்.

“காலு இப்படி இருக்கே, முடியுமா?”

“தடி நடக்கிறதுக்கு. ஓட்டுறதுக்கு இல்ல.”

“பேஷன்ட்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?”

அண்ணி பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அதற்கு முன்னால் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

மேனேஜரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த பெரியவரைக் காட்டி, “இவரைக் கூட்டிட்டுப் போக மகன் வரணும், வரலை. கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. அவர் போன் பண்ணிச் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றார்.

பெரியவரைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணி சாவியை ஆன் செய்து, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக் கைபிரேக்கை விட்டாள். வண்டி சத்தமே இல்லாமல் சரிவில் உருள ஆரம்பித்தது.

“ஏம்மா, ஸ்டார்ட் பண்ணாமலே போறே?” என்றார் பெரியவர்.

“பேசாம உக்காருங்க.”

“பிரேக் இருக்கா இல்லையா?”

“இருக்கு. இப்ப அது வேண்டாம்.”

கேட் நெருங்கியது. சரிவின் கடைசியில் அண்ணி கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, எங்கள் இருவரையும் முன்சீட்டில் மோதவிட்டு, பிடித்துக்கொண்டது. வலது பக்கம் வளைத்துத் தெருவில் சேர்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

“அறிவிருக்கா உனக்கு?” என்று பெரியவர் கத்தினார். “நோயாளியை இப்படியா குலுக்குவே? கட்டுல ரத்தம் கசிஞ்சா யார் பொறுப்பு?”

“கசியுதா?”

அவர் கட்டைப் பார்த்தார். “இல்ல.”

“அப்ப எதுக்குக் கத்துறீங்க?”

“ஜன்னலை மூடு. குளிருது.”

“திறந்துதான் இருக்கும். புகை உள்ள வருது.”

“உன் வண்டிப் புகையை நான் எதுக்குத் தின்னணும்? மூடு!”

“மூடினாத்தான் தின்னணும்!”

அவர் வீடு வரும்வரை ஜன்னல் பஞ்சாயத்து ஓயவில்லை. அவருக்கும் நல்ல குரல்தான். பெஞ்சில் மூட்டையாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தவரா இவர் என்று எனக்கே சந்தேகம் வந்தது. வாசலில் நிறுத்தியும் அண்ணி இன்ஜினை அணைக்கவில்லை, இறங்கவும் இல்லை. நான்தான் அவரை இறக்கிக் கதவுவரை கொண்டுபோனேன். அவர் நிலையைப் பிடித்து நின்று திரும்பினார்.

“திங்கக்கிழமை நீதான் வருவியா?”

“வர்றதும் வராததும் உங்க வாயிலதான் இருக்கு. போன் பண்ணிச் சொல்லுங்க.”

“என்ன சொல்லணும்?”

“நடந்ததைச் சொல்லுங்க.”

பெரியவர் யோசித்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணைத் தேடினார். அண்ணி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வந்து சேர்ந்துட்டேன்… ஆமா, சரியாக் கொண்டுவந்து விட்டா… வாய் ரொம்ப நீளம்… இல்ல இல்ல, வேற ஆள் வேண்டாம். இவளையே அனுப்புங்க. இன்னும் பேசி முடிக்கலை.”

போனைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். “திங்கக்கிழமை ஜன்னலை மூடிட்டு வா.”

“திங்கக்கிழமை போர்வை எடுத்துட்டு வாங்க” என்று சொல்லி அண்ணி கியரைப் போட்டாள். நான் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.